சுவருக்குள் ஒரு வார்டர்

"பித்தான் இல்லாத எலும்புன்னா மியூசியத்துக்கு அனுப்பிடுவோம் சார். இது பித்தானோட வந்திருக்கு. அதான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார் கட்டட மேற்பார்வையாளர் பீல்.

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் தாலின் நகரத்துக் குன்றின் மேல் நிற்கும் தோம்பேயா கோட்டையில் எங்கே மண்வெட்டியைப் போட்டாலும் யாராவது ஒருவர் அகப்படுவார். எழுநூறு வருஷமாக அதைப் பிடித்தவர்கள் யாரும் முன்னால் இருந்தவன் கட்டியதை அப்படியே விட்டுவைத்ததில்லை. டேனிஷ் ராஜா போய் ஜெர்மன் மாவீரர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பிறகு ஸ்வீடன் ராஜா. அவருக்குப் பிறகு ரஷ்ய ஜார். ஜார் ஆட்கள் முன்பக்கம் கவர்னருக்கு மாளிகை கட்டினார்கள். பின்பக்கத்தை எங்களுக்கு ஜெயிலாக்கினார்கள். 1917 மார்ச்சில் ஜார் விழுந்த கையோடு ஊர் திரண்டு வந்து ஜெயிலைக் கொளுத்தியது. இப்போது 1921. நாடு எங்களுடையது. எரிந்த ஜெயில் நின்ற இடத்தில் எங்கள் பாராளுமன்றம் எழும்பிக்கொண்டிருந்தது.

என் பெயர் லெய்டா. குற்றப் போலீசில் இன்ஸ்பெக்டர் துயிஸ்க்கின் உதவியாளர். அதற்கு முன்னால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். அடுத்தவர் பேச்சில் குறுக்கே பேசியதால் அந்த வேலை போனது. இங்கே அதற்காகத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

துயிஸ்க் குனிந்து சுவரின் ஓட்டைக்குள் பார்த்தார். கோட்டையின் பழைய சுவர் இரண்டு ஆள் படுக்கும் அளவு தடிமன். அதற்குள் ஒரு சின்ன அறை. வாசலைச் செங்கல் வைத்து மூடியிருந்தார்கள். இன்று காலை வேலைக்காரர்கள் அதை இடித்தபோது உள்ளே ஜெயில் வார்டர் கோட்டு போட்ட ஓர் எலும்புக்கூடு.

"யாருன்னு தெரியுமா?"

"ஊருக்கே தெரியும் சார். யாக்கோப் ஓர்முஸ். தீ வச்ச அன்னிக்குக் காணாமப் போன வார்டர். ஜார் ஆளுங்களோட கப்பலேறி ஓடிட்டான்னு பேச்சு. கோட்டு உள்பக்கம் பேர் தச்சிருக்கு."

"கொன்னது யாருன்னும் தெரியுமாமே?"

"அதுவும் தெரியும். எங்க கொத்தனார் மிஹ்கெல் தூலிக். இந்த ஜெயில்ல கைதியா இருந்தவன். சுவரு இடிஞ்ச சேதி கேட்டதும் கரண்டியைக் கீழ போட்டுட்டு நேரா உங்க ஸ்டேஷனுக்குப் போயிட்டான். 'அவரைச் சுவத்துக்குள்ள வச்சது நான்தான்'னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டானாம். இனிமே என்ன சார் விசாரணை? நாளைக்கு இங்க தளம் போடணும்."

"செத்தவனும் ரெடி, கொன்னவனும் ரெடி. நாம எதுக்கு வந்தோம் சார்? டீ குடிக்கவா?" என்றேன்.

துயிஸ்க் சிரிக்கவில்லை. இரண்டு வருஷமாக அவர் எதற்கும் சிரித்து நான் பார்த்ததில்லை. அவருடைய மகன் ஹார்ரி விடுதலைப் போரில் தெற்குப் போர்முனையில் செத்துப்போனான். உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு கோபம், எரிச்சல், பசி எல்லாமே அவரை விட்டுப் போய்விட்டன. கொதிக்கும் டீயை எடுத்து ஆறிப்போனதைக் குடிப்பது மாதிரி குடிப்பார். வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்வார். சாவி கொடுத்த கடிகாரம் போல.

கீழே கிடந்த செங்கல் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதுல என்ன பார்க்கிற?"

"கரி. தீப்பிடிச்ச ஜெயிலாச்சே."

"காரையைப் பேர்த்துட்டுப் பாரு."

நகத்தால் சுரண்டினேன். சுண்ணாம்புக் காரை பொருக்காக உதிர்ந்தது. அதற்கு அடியிலும் கரி. காரை தொட்ட ஒவ்வொரு பக்கத்திலும் கரி.

"சுவர் நின்னப்புறம் தீப்பிடிச்சிருந்தா வெளிப்பக்கம் மட்டும்தான் கறுத்திருக்கணும்" என்றேன் மெதுவாக. "கல்லு முதல்ல எரிஞ்சிருக்கு. அப்புறம்தான் அதை எடுத்து சுவர் கட்டியிருக்காங்க."

"தீ அணைஞ்சப்புறம்" என்றார் துயிஸ்க். "எவ்வளவு நாள் அப்புறம்னு பார்க்கலாம். உள்ள போ."

"நானா?"

"நான் நுழைய முடியாது."

உள்ளே தவழ்ந்தேன். எலும்புக்கூடு வைக்கோல் மேல் நேராகப் படுத்திருந்தது. கைகள் மார்பில். கோட்டின் பித்தான் எல்லாம் கழுத்து வரை போட்டிருந்தது. தலைமாட்டில் மெழுகு உருகி மேடாக இருந்தது. ஒரு நாளில் உருகிய மெழுகு இல்லை. ஒரு மரக் கரண்டி. ஒரு தகர டப்பா, விளக்காக மாற்றியது. டப்பாவைத் திருப்பினேன். ஜெர்மன் ராணுவத்தின் கழுகு முத்திரை.

"சார், ஜெர்மன்காரன் இங்க வந்தது எப்போ?"

"பதினெட்டுல. பிப்ரவரி கடைசி."

"அப்ப இந்த ஆளு தீ விபத்துல சாகலை. ஒரு வருஷம் கழிச்சும் இங்க உட்கார்ந்து விளக்கேத்திட்டு இருந்திருக்காரு."

வெளியே பீல் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

"கொலை பண்றவன் குளிருமேன்னு பித்தான் போட்டு விடமாட்டான்" என்றார் துயிஸ்க், அதே சலனமில்லாத குரலில். "வேற என்ன இருக்கு?"

"ஒரு மூடி." நீல எனாமல் மூடி. மேலே பிடி உடைந்துபோய், அந்த இடத்தில் நூல் சுற்றும் கட்டை ஒன்றை ஆணி வைத்துப் பொருத்தியிருந்தது. "மூடி இருக்கு. பானையைக் காணோம்."

துயிஸ்க் அந்த மூடியை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பீல் பக்கம் திரும்பினார்.

"தூலிக் இங்க எவ்வளவு நாளா வேலை பார்க்கிறான்?"

"கடைக்கால் தோண்டினதுலேர்ந்து. நல்ல வேலைக்காரன். ஆனா இந்தச் சுவத்து விஷயத்துல மட்டும் பிடிவாதம். 'இதைத் தொட்டீங்கன்னா மேல இருக்கிறதெல்லாம் உட்கார்ந்துடும்'னு ஒரு வருஷமா சண்டை போட்டான். எஞ்சினியரே நம்பிட்டாரு. இன்னிக்கு அவன் முன்வாசல் வேலைக்குப் போயிருந்தான். புதுசா வந்த பசங்க இடிச்சுட்டானுங்க. எதுவும் உட்காரலை."

"ஒரு ஆளு உட்கார்ந்துட்டாரு. லாக்கப்புல" என்றேன்.

*

மிஹ்கெல் தூலிக் பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதிருக்கும். விரல் இடுக்கில் சுண்ணாம்பு வெடிப்பு. முன்னால் வைத்திருந்த கறுப்பு ரொட்டியும் உப்பு மீனும் தொடாமல் கிடந்தன.

"சாப்பிடு" என்றார் துயிஸ்க்.

"வேணாங்க ஐயா. எழுதிக்கோங்க. கொன்னேன். கையெழுத்துப் போடறேன்."

"எப்படிக் கொன்ன?"

"ஏதோ ஒண்ணு எழுதிக்கோங்க. கழுத்தை நெரிச்சேன்."

"எப்போ?"

"தீ வச்ச அன்னிக்கு."

"அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு எழுந்து ஜெர்மன் டப்பாவுல விளக்கு ஏத்தினாரா?"

தூலிக்கின் கண் ஒரு கணம் அலைந்தது. மறுபடி தரையில் நின்றது. "என்னைத் தூக்குல போடுங்க ஐயா. மத்ததைத் தோண்டாதீங்க."

துயிஸ்க் எனக்குக் கண் காட்டினார். நான் பையிலிருந்து மூடியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

அதுவரை கல்லாக இருந்தவன் ஆடிப்போனான். இரண்டு கையாலும் அதை மறைக்கப் பார்த்தான்.

"அதை அவங்க கண்ணுல காட்டாதீங்க."

"எவங்க கண்ணுல?" என்றேன்.

வாய் மறுபடி பூட்டிக்கொண்டது. பூட்டட்டும். வேண்டியது விழுந்துவிட்டது.

வெளியே வந்ததும் துயிஸ்க் கேட்டார். "மரியாதையா 'அவங்க'ங்கிறான். யாரா இருக்கும்?"

"சமைச்சவங்க. ஒரு வருஷத்துக்கு மேல அந்த ஆளுக்குச் சோறு போயிருக்கு. பானை வந்திருக்கு, திரும்பிப் போயிருக்கு. ஊர் பூரா வார்டர்களைத் தேடிட்டு இருந்த காலம். தூரத்துலேர்ந்து பானையைத் தூக்கிட்டு வந்தா எவனாவது கேட்டிருப்பான். வீடு பக்கத்துலதான் இருக்கணும்."

"கோட்டைக்குப் பக்கத்துல பிரபுக்கள் வீடுதான் இருக்கு."

"மேல. கீழே?"

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி மேடேறினோம்.

சுவர் அறைக்குள் இந்த முறை எதிர்ப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் கல்லில் சரிவாக ஒரு துவாரம், வைக்கோல் அடைத்திருந்தது. பிடுங்கினேன். காற்று முகத்தில் அடித்தது.

"சார், இது என்ன அறைன்னு தெரியுமா? மாவீரர்களோட கக்கூஸ். இரும்புச் சட்டையோட வந்து உட்கார்ந்திருக்காங்க. எல்லாம் இந்த ஓட்டை வழியா நேரா அகழியில."

"ஓட்டை வழியா என்ன தெரியுது?"

குப்புறப் படுத்துக் கண்ணை வைத்தேன். மேற்குச் சரிவு. பாறைக்குக் கீழே குளம், ரயில் நிலையம், கெல்மிக்குலா பேட்டையின் மர வீடுகள். துவாரம் குழாய் மாதிரி நீளம் என்பதால் எல்லாம் தெரியவில்லை. தெரிந்தது ஒரே ஒரு வீடு. மஞ்சள் வீடு. சமையலறைப் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தெருப்பக்க ஜன்னல் ஒன்றில் கண்ணாடிக்குப் பதில் பலகை.

அந்தப் பலகையைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. 1917இல் கூட்டம் கல்லெறிந்து உடைத்த ஜன்னல். அந்த வீட்டுப் பெண்மணி அதற்குப் பிறகு கண்ணாடி போடவே இல்லை.

"சார்" என்றேன். துவாரத்திலிருந்து தலையை எடுத்தேன். "அது ஓர்முஸ் வீடு. பெண்டாட்டி இன்னும் அங்கதான் இருக்காங்க."

*

அல்வீனே ஓர்முஸ் கதவைத் திறந்தாள். உயரமான பெண்மணி. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எங்களை உள்ளே விட்டாள். யார் என்று கேட்கவில்லை. அடுப்பில் முட்டைக்கோஸும் பார்லியும் கொதித்துக்கொண்டிருந்தன. அலமாரியில் ஒரு நீல எனாமல் பானை, மேலே ஒரு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது.

நான் தட்டை எடுத்துவிட்டு மூடியை வைத்தேன். சரியாக உட்கார்ந்தது.

அவள் அதைப் பார்த்தாள். ஒரு விரலால் நூல் கட்டையைத் தொட்டாள்.

"நான்தான் ஆணி அடிச்சேன்" என்றாள்.

துயிஸ்க் தொப்பியைக் கழற்றினார். இந்த மாதிரிச் சேதியை வீடு வீடாகச் சொல்லிப் பழகியவர். அவருக்கும் ஒருநாள் யாரோ வந்து சொன்னார்கள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் கோட்டைச் சுவருக்குள்ள இருந்தது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்படி அங்க போனார்?"

"தீ வச்ச அன்னிக்கு மத்த வார்டருங்க சாவியை எடுத்துட்டு ஓடிட்டாங்க. இவர் மட்டும் நின்னு ஒவ்வொரு கதவா திறந்துவிட்டார். கடைசிக் கதவு மிஹ்கெலோடது. அதுக்குள்ள உத்தரம் விழுந்து இவர் கால் போச்சு. வெளியே கூட்டம் வார்டர் எங்க, வார்டர் எங்கன்னு கத்திட்டிருந்தது. மிஹ்கெல்தான் இவரை அந்தப் பொந்துல தள்ளி, மேல கல்லைப் போட்டு மறைச்சான். மறுநாள் ராத்திரி பின்வாசல்ல வந்து சொன்னான். என் வீட்டு வாசல்லயும் ஆளுங்க காவல் இருந்தாங்க. நான் மேல போனா அவங்களும் மேல வருவாங்க. அதனால சமைச்சுக் கொடுத்தேன், அவன் கொண்டு போனான்."

"அப்புறம் ஏன் வெளியே வரலை?"

"கொடி" என்றாள்.

"எந்தக் கொடி?" என்றேன்.

"கோட்டைக் கோபுரத்துல ஜார் கொடி போய்ச் சிவப்புக் கொடி ஏறிச்சு. 'இது போகட்டும்'னு சொல்லி அனுப்பினார். அப்புறம் நம்ம கொடி ஏறிச்சு. நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சமைச்சு வச்சேன். அது மறுநாளே இறங்கிடுச்சு. ஜெர்மன்காரன் வந்தான். அவன் பிடிச்சவங்களையெல்லாம் சுட்டான். 'இதுவும் போகட்டும்'னார். உள்ளேருந்து அவருக்குக் கொடி தெரியாது. என் புகைபோக்கி மட்டும்தான் தெரியும். புகை வந்தா நான் இருக்கேன்னு அர்த்தம்."

துயிஸ்க் தொண்டையைச் செருமினார். இனி சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"அம்மா, மனசைத் திடப்படுத்திக்கோங்க. ஜெர்மன்காரன் போனப்புறமும் அவர் வெளியே வரலை. அதுக்கு முன்னாடியே இறந்துட்டார்னு நினைக்கிறோம். தூலிக் உங்ககிட்ட அதை மறைச்சிருக்கான். மூடி அங்க கிடக்கு, பானை இங்க இருக்கு. அதுக்கப்புறமும் வந்து சாப்பாடு வாங்கிட்டுப் போயிருக்கான். இவ்வளவு வருஷம் உங்களை ஏமாத்தி..."

"ஏமாத்தலை" என்றாள் அல்வீனே.

அடுப்பில் கரண்டியை ஒருமுறை சுற்றினாள்.

"யாக்கோப் வெங்காயம் தொடமாட்டார். நான் போடாம சமைக்கமாட்டேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அதே சண்டை. பொறுக்கிப் பொறுக்கி ஓரமா ஒதுக்கி வைப்பார். மேலேருந்து பானை திரும்பி வந்தா அடியில வெங்காயம் கிடக்கும். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் வரும். ஒருநாள் பானை மூடி இல்லாம வந்துச்சு. உள்ள பார்த்தேன். ஒரு துணுக்கு இல்ல. வழிச்சு நக்கின மாதிரி சுத்தமா இருந்தது."

நான் மூடியைத் தூக்கிப் பானைக்குள் பார்த்தேன்.

"தெரிஞ்சுமா சமைச்சீங்க?" என்றார் துயிஸ்க்.

"அந்தப் பானையை நீட்டினவன் முகத்தைப் பார்த்தேன். எலும்பும் தோலுமா நின்னான். ஊர்ல ரொட்டி கிடையாது அப்போ. கேட்டா அவன் சொல்லிடுவான். சொல்லிட்டா மறுநாள் காலையில நான் எதுக்கு அடுப்பு மூட்டறது? அதனால கேக்கலை. 'எப்படி இருக்கார்?'னு கேப்பேன். 'நல்லா இருக்கார் அக்கா'ம்பான். அப்புறம், 'தீவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன், அங்க பத்திரமா இருக்கார்'ன்னான். சரின்னேன். அப்பவும் பானையை எடுத்துட்டுப் போவான்."

"அவன் இப்போ லாக்கப்புல இருக்கான்மா" என்றேன். "கொன்னேன்னு சொல்லிட்டு. நீங்க இதைத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு தூக்குல தொங்கத் தயாரா இருக்கான்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக முகத்தில் ஏதோ அசைந்தது.

"பைத்தியக்காரன்" என்றாள்.

துயிஸ்க் கிளம்ப எழுந்தவர் நின்றார். விசாரணைக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனாலும் கேட்டார்.

"வலிக்கலையா உங்களுக்கு?"

"முதல்ல வலிச்சது. அப்புறம் மரத்துப் போச்சு. மரத்தப்புறம் நல்லாத்தான் இருந்தது." கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "இன்னிக்கு நீங்க வந்து கதவைத் தட்டிட்டீங்க."

*

அரசு வக்கீலிடம் துயிஸ்க் பேசிய பேச்சு மிகச் சின்னது. "கொலை இல்லை. பாதிரியார் இல்லாம ஒரு அடக்கம். அவ்வளவுதான்." ஓர்முஸ் அம்மாள் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டு லாக்கப் கதவைத் திறக்கச் சொன்னார்கள்.

தூலிக் வெளியே வர மாட்டேன் என்றான். வாசலில் நிற்பது யார் என்று தெரிந்ததும் பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய்ச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள்தான் உள்ளே போனாள்.

"அக்கா, நான் அவரோட சோத்தைத் தின்னேன்."

"தெரியும். பானை கழுவினது நான்."

அவன் தோள்கள் குலுங்கின. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை.

"எப்படிப் போனார்? இப்போ சொல்லு."

"ஜுரம். ஊர்ல எல்லாருக்கும் வந்த அதே ஜுரம். டாக்டரைக் கூட்டிட்டு வரேன்னேன், வேணாம்னு காலைப் பிடிச்சுக்கிட்டார். கடைசியா என்ன கொடின்னு கேட்டார். ஜெர்மன் கொடின்னு சொன்னேன். 'அப்ப இன்னும் கொஞ்ச நாள் இருப்போம்'னார். அவ்வளவுதான்." மூக்கை உறிஞ்சினான். "ஒரு மாசத்துல அந்தக் கொடி இறங்கிடுச்சுக்கா. ஒரே மாசம்."

அல்வீனே எழுந்தாள்.

"ஞாயித்துக்கிழமை அடக்கம். பெட்டி தூக்க ஆள் வேணும். ஊர்ல எனக்குத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்."

"ஒரு ஆளு எப்படிக்கா பெட்டி தூக்கறது?"

வாசலில் சாய்ந்து நின்றிருந்த துயிஸ்க் நிமிர்ந்தார். அவர் மகனுக்குத் தூக்கப் பெட்டி இருந்ததில்லை. அந்தக் கைகள் இரண்டு வருஷமாகத் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

"நான் வரேன்" என்றார். குரல் பாதியில் உடைந்தது. அவர் அதைச் சரி செய்யவில்லை.

"நானும்" என்றேன். "பொம்பளை தூக்கக் கூடாதுன்னு எந்தப் பாதிரியார் சொல்றார்னு பார்ப்போம். பீலையும் இழுத்துட்டு வரேன். சுவத்தை இடிச்சவர் தோள் கொடுக்கட்டும்."

தூலிக் எழுந்தான். அல்வீனே முன்னால் நடந்தாள். அவன் அவள் பின்னால், நாங்கள் இரண்டு பேரும் அவனுக்குப் பின்னால் தெருவில் இறங்கினோம். தெருமுனைக் கடையில் துயிஸ்க் நாலு டீ சொன்னார். முதல் வாய் வைத்ததும் கோப்பையை வெடுக்கென்று எடுத்தார்.

"சுடுது" என்றார்.